காப்புரிமை, வேலையின்மை, தரவரிசை: பொருளாதார அறிக்கைகளைப் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023-24 நிதியாண்டில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் 1,03,057 காப்புரிமைகளை (பேடண்ட்) வழங்கியது. முந்தைய ஆண்டில் வழங்கியது 34,134. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு! "நாட்டின் கண்டுபிடிப்புத் திறன் மூன்று மடங்காகிவிட்டது" என்று எழுதிவிட யாருக்கும் கை அரிக்கும்.

அட்டவணையில் பக்கத்தில் இருக்கும் விண்ணப்பக் கணக்கையும் பார்க்க வேண்டும். அதே இரண்டு ஆண்டுகளில் வந்த விண்ணப்பங்கள் 82,811-லிருந்து 92,168 ஆகியிருக்கின்றன. சுமார் 11 சதவீத உயர்வுதான். வந்த விண்ணப்பங்களைவிட வழங்கிய காப்புரிமைகள் அதிகம் என்றால், பல ஆண்டுகளாகத் தேங்கிக் கிடந்த கோப்புகளை அலுவலகம் மளமளவென்று முடித்திருக்கிறது என்று பொருள். அதுவும் பாராட்ட வேண்டிய வேலைதான். ஆனால் அது அலுவலகத்தின் வேகம். ஆய்வுக்கூடங்களின் வேகத்தை அதில் தேடக் கூடாது.

கல்லூரி விளம்பரங்களில் வரும் காப்புரிமைக் கணக்கு இன்னொரு ரகம். காப்புரிமைக்கு விண்ணப்பித்தால் 18 மாதங்களில் அது தானாகவே காப்புரிமை அலுவலகத்தின் இதழில் வெளியாகிவிடும். அதற்குள் யாரும் அதைப் பரிசோதித்திருக்க வேண்டும் என்பதில்லை. பரிசோதனைக்குத் தனியாகக் கோரிக்கை வைக்க வேண்டும். ஆக, "வெளியானது" வேறு, "வழங்கப்பட்டது" வேறு. 2021-இல் கல்வி நிறுவனங்களுக்கான கட்டணத்தை 80 சதவீதம் குறைத்தார்கள். கல்லூரித் தரவரிசையிலும் காப்புரிமைக்கு மதிப்பெண் உண்டு. இரண்டும் சேர்ந்தால் விண்ணப்பங்கள் பெருகாமல் என்ன செய்யும்? ஒரு நிறுவனத்தின் புத்தாக்கத்தை உண்மையாகவே எடைபோட வேண்டுமென்றால், எத்தனை காப்புரிமைகளுக்கு ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கட்டணம் கட்டுகிறார்கள் என்று பாருங்கள். எத்தனை காப்புரிமைகள் தொழிலில் பயன்படுகின்றன என்று படிவம் 27-இல் காட்டியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். பயனில்லாத காகிதத்துக்கு யாரும் வருடா வருடம் பணம் கட்ட மாட்டார்கள்.

வேலையின்மை குறைவு என்றால் நல்ல சேதி என்று நினைப்பது

மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பான பி.எல்.எஃப்.எஸ். சொல்வதன்படி 2023-24-இல் கேரளத்தின் வேலையின்மை 7.2 சதவீதம், பிஹாரின் வேலையின்மை 3 சதவீதம். ஆனால் வேலை தேடி ரயில் ஏறுகிறவர்கள் பிஹாரிலிருந்து கேரளத்துக்குத்தான் வருகிறார்கள். வேலையின்மை விகிதத்தை வைத்து மாநிலங்களை வரிசைப்படுத்துகிறவர்கள் இந்த ஒரு முரணை யோசித்தாலே போதும்.

கணக்கெடுப்பில் இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன. ஒன்று கடந்த ஒரு வாரத்தைப் பார்க்கும். அந்த ஏழு நாட்களில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலும் அவர் வேலையில் இருப்பவர். இன்னொன்று கடந்த ஒரு வருடத்தைப் பார்க்கும். வருடத்தின் பெரும்பகுதி வேலை தேடிக்கொண்டே இருந்தாலும், இடையில் 30 நாட்கள் எதையாவது செய்திருந்தால் வேலையில் இருப்பவராகவே கணக்கில் வருவார். பொறியியல் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஒரு பையன், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அப்பா சரக்கு எடுக்கப் போனபோது ஒரு மணி நேரம் மளிகைக் கடையில் உட்கார்ந்திருந்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரக் கணக்கில் அவன் வேலையில்லாதவன் அல்ல. கூலி வாங்கினானா என்பது கேள்வியே இல்லை. குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவுவதும் வேலைதான்.

இதில் மோசடி ஒன்றும் இல்லை. ஏழை வீட்டில் வேலையில்லாமல் சும்மா இருக்க வசதியில்லை, கிடைத்ததைச் செய்துதான் ஆக வேண்டும். படித்துவிட்டு, தகுந்த வேலைக்காகக் காத்திருக்க முடிகிற வீட்டில்தான் வேலையின்மை கணக்கில் ஏறும். 15 முதல் 29 வயது வரையிலானவர்களின் வேலையின்மை 10.2 சதவீதமாக இருக்க, மொத்த விகிதம் 3.2 சதவீதமாக இருப்பதற்கும் இது ஒரு காரணம்.

பெண்கள் விஷயத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 15 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களின் தொழிலாளர் பங்கேற்பு, அதாவது வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுகிறவர்களும் சேர்ந்த பங்கு, 2017-18-இல் 23.3 சதவீதம், 2023-24-இல் 41.7 சதவீதம். பெரிய ஏற்றம், சந்தேகமில்லை. ஆனால் வேலையில் இருக்கும் பெண்களில் மூன்றில் இரண்டு பங்கு சுயதொழில் கணக்கில் இருக்கிறார்கள். 36.7 சதவீதம் பேர் குடும்பத் தொழிலில் சம்பளமில்லாத உதவியாளர்கள். வீட்டு மாட்டில் பால் கறந்து சொசைட்டிக்கு அனுப்பும் கணவருக்கு உதவுகிறவரும் அந்த ஏற்றத்தில்தான் இருக்கிறார். அவருடைய உழைப்பைக் கணக்கில் சேர்த்தது நியாயமே. அதை "பெண்களுக்கு வேலைவாய்ப்பு பெருகியது" என்று தலைப்பிடுவதில்தான் தகராறு.

இன்னொரு எச்சரிக்கை: 2025 ஜனவரி முதல் இந்தக் கணக்கெடுப்புக்கு வீடுகளைத் தேர்ந்தெடுக்கும் முறையையே மாற்றி, மாதாந்திர எண்களை வெளியிடுகிறார்கள். புதிய எண்ணையும் பழைய எண்ணையும் ஒரே கோட்டில் போட்டு வரைபடம் காட்டினால், அதை நம்பாதீர்கள்.

வருங்கால வைப்பு நிதியில் மாதந்தோறும் சேரும் புதிய உறுப்பினர் எண்ணிக்கையைப் "புதிய வேலைகள்" என்று சொல்வதும் இதே குடும்பத்துத் தவறு. 20 பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கு வைப்பு நிதி கட்டாயம். 19 பேர் இருந்த ஒரு கம்பெனி இன்னொருவரைச் சேர்த்தால், பதிவில் 20 பேர் புதிதாக வருவார்கள். உண்மையில் உருவானது ஒரே ஒரு வேலை.

தரவரிசை எண்ணை மட்டும் பார்ப்பது

உலகப் புத்தாக்கக் குறியீட்டில் இந்தியா 2015-இல் 81-ஆவது இடத்தில் இருந்து 2025-இல் 38-ஆவது இடத்துக்கு வந்திருக்கிறது. ஆனால் ஆராய்ச்சிக்கு நாடு செலவழிப்பது ஜிடிபியில் 0.64 சதவீதம்தான். தென்கொரியாவில் அது 5 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. மேலும் இந்த 0.64 என்பது 2020-21-இன் எண். அப்படியானால் இடம் எப்படி உயர்ந்தது? குறியீடு என்பது பல பத்து எண்களின் கலவை, அதில் ஐ.டி. சேவை ஏற்றுமதி போன்றவற்றில் நாம் முன்வரிசையில் நிற்கிறோம். 38 என்ற எண்ணை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் அட்டவணையைப் படித்தால்தான் விஷயம் புரியும்.

உலக வங்கியின் "எளிதாகத் தொழில் செய்தல்" பட்டியலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2014-இல் வந்த அறிக்கையில் 142, 2019-இல் வந்ததில் 63. இந்தியாவுக்காக அவர்கள் பார்த்தது மும்பையையும் டெல்லியையும் மட்டுமே. திருப்பூரில் பின்னலாடை யூனிட் நடத்துகிறவருக்கு மின் இணைப்பு எத்தனை நாளில் கிடைத்தது என்பது அதில் இல்லவே இல்லை. வேறு சில நாடுகளின் தரவுகளில் முறைகேடு நடந்தது வெளிவந்து, 2021 செப்டம்பரில் பட்டியலையே நிறுத்திவிட்டார்கள். இன்றும் அதை மேற்கோள் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்!

மொத்த மதிப்பைச் சொந்த வலிமையாக எண்ணுவது

2024-25-இல் தமிழ்நாட்டின் மின்னணுப் பொருள் ஏற்றுமதி 1,465 கோடி டாலர். இது கப்பலிலும் விமானத்திலும் ஏறிய பொருளின் மொத்த விலை. உள்ளே இருக்கும் சிப், திரை போன்றவை பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவை. போட்டித்திறனை அளக்க இங்கே சேர்ந்த மதிப்பு எவ்வளவு என்று தனியாகப் பார்க்க வேண்டும். அயர்லாந்து இதில் உலகப் புகழ் பெற்றது. 2015-இல் அதன் ஜிடிபி 26.3 சதவீதம் வளர்ந்ததாக முதலில் அறிவித்தார்கள். பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் அறிவுசார் சொத்துகளைக் கணக்குப் புத்தகத்தில் அங்கே மாற்றியதே முக்கியக் காரணம். அப்புறம் அந்த நாட்டுப் புள்ளிவிவர அலுவலகமே, இதையெல்லாம் கழித்துக் காட்டும் தனி அளவுகோல் ஒன்றைக் கொண்டுவந்தது.

ஆய்வின் முடிவை மட்டும் படித்து, அதில் மதிப்பெண் போட்ட விதத்தை விட்டுவிடுவது

"தொழிலாளர் சட்டம் கடுமையாக இருந்தால் தொழில் வளராது" என்ற வாதத்துக்கு அடிக்கடி காட்டப்படும் ஆதாரம், 2004-இல் திமோத்தி பெஸ்லியும் ராபின் பர்ஜெஸும் வெளியிட்ட ஆய்வு. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் மாநிலங்கள் செய்த திருத்தங்களை எடுத்து, தொழிலாளர் பக்கம் என்றால் +1, முதலாளி பக்கம் என்றால் -1 என்று மதிப்பெண் கொடுத்தார்கள். தொழிலாளர் பக்கம் சாய்ந்த மாநிலங்களில் பதிவு பெற்ற ஆலைகளின் உற்பத்தியும் வேலையும் குறைந்தன என்பது முடிவு.

அந்த மதிப்பெண் பட்டியலை ஆதித்ய பட்டாச்சார்ஜி என்ற பொருளாதார அறிஞர் பிரித்துப் பார்த்தார். குஜராத், தொழிலாளர் பக்கம்! காரணம் 1973-இல் செய்த ஒரே ஒரு திருத்தம். கூட்டு நிர்வாகக் குழுவுக்குப் பிரதிநிதியை நியமிக்காத முதலாளிக்கு ஒரு நாளைக்கு 50 ரூபாய் அபராதம், அவ்வளவுதான். கேரளமோ முதலாளி பக்கம். சுமை இறக்குவதைச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றதற்கே தொழிற்சங்கத்தினர் 'நோக்குக்கூலி' வாங்கிய ஊரைப் பற்றித்தான் பேசுகிறோம். ஆய்வில் உழைப்பு இல்லை என்று சொல்ல வரவில்லை. மதிப்பெண்ணை மாற்றினால் முடிவு எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்காமல் அதைக் கொள்கைக்கு ஆதாரமாக வைக்கக் கூடாது. தவிர, சட்டப் புத்தகத்தில் இருப்பது ஆலைக்குள் அப்படியே நடப்பதில்லை. அமைப்புசார் ஆலைகளில் இன்று பத்துத் தொழிலாளர்களில் நான்கு பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள்.

இது பழைய கதை இல்லை. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. ஆட்குறைப்புக்கு அரசின் அனுமதி தேவைப்படும் வரம்பு 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆகியிருக்கிறது. சில ஆண்டுகளில் "2025-க்கு முன், 2025-க்குப் பின்" என்று நாடு முழுவதையும் ஒப்பிடும் ஆய்வுகள் வரிசையாக வரும். ராஜஸ்தான் 2014-லேயே 300-க்கு மாறிவிட்டது, பின்னால் வேறு சில மாநிலங்களும் மாறின. அந்த மாநிலங்களுக்கு 2025-இல் இந்த வரம்பு புதிதாக எதையும் மாற்றவில்லை. அவற்றைத் தனியே பிரித்துக் காட்டாத ஆய்வு எதுவாக இருந்தாலும், அதன் முதல் அட்டவணையிலேயே நிறுத்திக் கேள்வி கேட்கலாம்.