3:15-க்கு இரண்டு முட்களும் ஒன்றாகவா இருக்கும்?

மணி 3:15. முட்களுக்கு நடுவே எத்தனை டிகிரி? பூஜ்யம் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். நானும் முதலில் அப்படிச் சொல்லி ஏமாந்தவன்தான். பெரிய முள் 3-க்கு வந்து சேருவதற்குள் சின்ன முள் சும்மா நிற்காது, அதுவும் கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

பெரிய முள் ஒரு மணி நேரத்தில் முழுச் சுற்று, 360 டிகிரி. அதாவது நிமிடத்துக்கு 6. சின்ன முள்ளோ ஒரு மணி நேரத்துக்கே 30 டிகிரிதான், நிமிடத்துக்கு அரை. ஆக, இரண்டுக்கும் நிமிடத்துக்கு ஐந்தரை டிகிரி வித்தியாசம். இதைப் பிடித்துக்கொண்டால் போதும். மணியை 30-ஆல் பெருக்குங்கள், நிமிடத்தை 5.5-ஆல் பெருக்குங்கள், பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள்.

3:15-க்கு 90, 82.5. விடை 7.5 டிகிரி.

சரி, 9:10? 270-இல் 55 போனால் 215. இப்படி 180-ஐத் தாண்டினால் நாம் சுற்றுவழியில் அளந்துவிட்டோம் என்று அர்த்தம். 360-லிருந்து கழித்தால் 145, அதுதான் விடை. அவசரத்தில் கோட்டை விடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

12 மணி என்றால் 0 என்றே வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு சுருங்கும். 5.5-ஆல் பெருக்கச் சிரமமாக இருந்தால் நிமிடத்தை 11-ஆல் பெருக்கிப் பாதியாக்கிவிடலாம்.