பிரம்புக் கதிரை தொய்ந்தால் செய்ய வேண்டியது

கதிரையைக் குப்புறக் கவிழ்த்துப் பாருங்கள். பிரம்பு அறாமல் தொய்ந்து மட்டும் கிடந்தால் பின்னத் தேவையில்லை. சுடுதண்ணீரில் பிழிந்த துணியை அடிப்பக்கம் விரித்து அரை மணித்தியாலம் விடுங்கள். மேற்பக்கம் வழவழப்பு, தண்ணீர் வாங்காது, அடிப்பக்கம் வாங்கும். நிழலில் காயும்போது தானாக இறுகிவிடும். மாரியில் எங்கள் கல்லடியில் துணியே காயாது, ஆகவே காய்ந்த கச்சான் காற்று வீசும் மாதங்களில் செய்யுங்கள்.

அறுந்துவிட்டதா? சட்டத்தைச் சுற்றிப் பள்ளக் கோடு ஓடினால், ரோலாக விற்கும் பின்னலை ஊறவைத்துப் பள்ளத்துக்குள் இறக்கிப் பிரம்பு நாடாவால் இறுக்கலாம். ஓரமெல்லாம் துளையிருந்தால் கையால்தான் பின்ன வேண்டும்: நெடுக்கு, குறுக்கு, திரும்ப நெடுக்கு, மேலும் கீழுமாகக் கோத்த குறுக்கு, கடைசியில் இரண்டு மூலைவாட்டம். முதல் நெடுக்கைக் கொஞ்சம் தளர்வாகவே விடுங்கள். விறைப்பாக இழுத்தால் மூலைவாட்டத்துக்கு இடமிருக்காது. மூலைவாட்டம் சரியாகப் போனால் இழை வழுக்கிக்கொண்டு போய் மூலையில் உட்காரும். உரசி முரண்டு பிடித்தால் மேல் கீழ் மாறிவிட்டது, உருவிவிட்டுத் திரும்பக் கோத்துவிடுங்கள்.

மரத்துக்கு உடனே சாண்ட் பேப்பர் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். மறைவான இடத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வையுங்கள். பிசுபிசுத்தால் அது அரக்குப் பாலிஷ். அதையே மெல்லிசாக ஒரு பூச்சுப் பூசினால் போதும். ஆணியென்றால் பித்தளைதான். உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடித்துத் தேக்கில் கறுப்பாக ஊறும்.

சரி, புதிதாகச் செய்விக்க வருகிறவர்கள் போனில் காட்டுவது பெரும்பாலும் சண்டிகர் கதிரை. சுவிஸ் கட்டடக் கலைஞர் பியர் ஜன்னரே 1950களில் இந்தியாவின் சண்டிகர் நகரத்து அலுவலகங்களுக்காகத் தேக்கிலும் பிரம்பிலும் வடிவமைத்தது. பழசென்று குவித்துப் போட்டவை பிறகு வெளிநாட்டு ஏலங்களில் பெரிய விலைக்குப் போயின. அச்சொட்டாகச் செய்து ஒரிஜினல் என்று சொல்வது களவு. தலைகீழ் வி போலச் சாயும் கால்களையும் காற்றுப் போய்வரும் பிரம்பு முதுகையும் வைத்துக்கொண்டு மற்றதை உங்கள் வீட்டுக்கு மாற்றுங்கள். பழைய வீடு உடைக்கும் இடங்களில் கிடைக்கும் தேக்கு, முதிரை நிலைகள் நன்றாகக் காய்ந்தவை, லேசில் வளையாது. அம்மம்மா உட்காருவதென்றால் இருக்கையை 45 சென்டிமீற்றர் உயரத்தில் வையுங்கள், எழும்ப லேசு. இருக்கைச் சட்டத்தை நான்கு திருகாணியில் கழற்றும்படி தச்சரிடம் சொல்லுங்கள். அடுத்த முறை பின்னக் கொண்டுவரும்போது முழுக் கதிரையையும் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டக்டரிடம் பேச்சு வாங்க வேண்டியதில்லை.