கடிக்கும் குணம் பரம்பரையாக வரும்போது உரிமையாளர்கள் செய்யும் தவறுகள்

நாய் ஒன்று யாரையாவது கடித்துவிட்டால், ‘அந்த இனமே அப்படித்தான்’ என்று ஒரு பக்கம் சொல்வார்கள். ‘வளர்த்தவர் சரியில்லை’ என்று மறுபக்கம் சொல்வார்கள். இரண்டையும் நம்பி ஏமாறக் கூடாது.

மூர்க்கம் ஓரளவு பரம்பரையாக வருவது உண்மை. சோவியத் ஒன்றியத்தில் 1959-இல் திமித்ரி பெல்யாயெவ் தொடங்கிய வெள்ளி நரி ஆய்வில், சாந்தமான நரிகளைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து இணைத்தார்கள். பின்னாளில் மூர்க்கமானவற்றையும் அதேபோலத் தனி வரிசையாக வளர்த்தார்கள். மூர்க்க வரிசையின் குட்டிகள் சாந்தமான தாயிடம் வளர்ந்தபோதும் மனிதரைக் கண்டு சீறவே செய்தன.

அதற்காக இனப்பெயரை வைத்துத் தீர்ப்பு எழுதுவது பெரிய தவறு. 18,000-க்கும் அதிகமான நாய்களின் விவரங்களை அலசி 2022-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, தனித்தனி நாய்களுக்கு இடையே காணப்படும் குணவேறுபாட்டில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான் என்றது. எனவே குட்டி வாங்கப் போகிறவர் தாய் தந்தையைப் பார்க்க வேண்டும். அந்நியர் அருகில் வந்தால் தாய் பதுங்குகிறதா, பாய்கிறதா? அதைக் காட்ட விற்பவர் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை குட்டி மனிதரோடும் ஓசைகளோடும் பழகும் பருவம் என்பதால், அப்போது அது எங்கே, எப்படி வளர்ந்தது என்பதையும் கேளுங்கள்.

தக்க காரணமின்றிக் கடிக்கும் நாயை, அழகுக்காகவோ வருமானத்துக்காகவோ இனப்பெருக்கத்துக்கு விடுவதை என்னால் ஏற்கவே முடியாது. அதன் குட்டிகள் போய்ச் சேரும் வீடுகளில் குழந்தைகள் இருப்பார்கள். கருத்தடை செய்துவிடுங்கள். ஆனால் அதனாலேயே கடிக்கும் குணம் போய்விடும் என்று எண்ணிவிடாதீர்கள்; அச்சத்தால் கடிக்கும் நாய் அதன் பிறகும் கடிக்கலாம்.

உறுமும் நாயை அடிப்பதுதான் நான் மிகவும் அஞ்சும் தவறு. உறுமல் ஓர் எச்சரிக்கை. அதற்கும் முன்பே உடல் பேசத் தொடங்கிவிடும்: வாய் சட்டென மூடிக்கொள்ளும், உடல் விறைக்கும், தலை ஒரு பக்கம் திரும்பினாலும் பார்வை மட்டும் விலகாமல் கண்ணின் வெள்ளை பிறைபோல் தெரியும். விருந்தாளி குனிந்து தலையைத் தடவும் அந்த நொடியில் உரிமையாளர், ‘ஒன்றும் செய்யாது, தைரியமாகத் தொடுங்கள்’ என்பார். அடி வாங்கிய நாயிடம் பயம் அப்படியே இருக்கும்; உறுமல் மட்டும் நின்றுபோகும். அடுத்த முறை அது எச்சரிக்காமல் கடிக்கும். உறுமினால் ஆளை விலக்குங்கள், நாய்க்கு இடம் கொடுங்கள், பிறகு காரணத்தைத் தேடுங்கள். பல நேரம் காரணம் வலியாக இருக்கும். மூட்டுவலியோ பல்வலியோ காதில் புண்ணோ இருக்கிறதா என்று கால்நடை மருத்துவர் பார்த்த பிறகே பயிற்சியாளரிடம் போக வேண்டும்.

இது நாய்க்கு மட்டும் உரியது அல்ல. மனிதரிடம் நட்பாகப் பழகும் தந்தைக்குப் பிறந்த பூனைக்குட்டிகள் மனிதரிடம் கூடுதல் துணிச்சலோடு நெருங்குவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாடுகளில் ஒரு விசித்திரம் உண்டு. மற்றக் கன்றுகளிடமிருந்து பிரித்து, புட்டிப்பால் கொடுத்துச் செல்லமாக வளர்த்த காளைக்கன்று, பருவம் வந்ததும் மனிதனையே தன் போட்டியாளனாகக் கருதி முட்ட வரலாம். பால் மாட்டினக் காளைகளிடம் எப்போதும் கூடுதல் கவனம் தேவை. காளைக்கன்றுகளை மற்றக் கன்றுகளோடு சேர்த்தே வளர்க்க வேண்டும். செல்லமாக வளர்ந்தது என்பதற்காகக் காளைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கக் கூடாது.

கடித்த பழக்கம் உள்ள விலங்கைப் பூட்டும் கதவும் கயிறும் வாய்மூடியும் இல்லாமல் வைத்திருப்பதும், சிறு குழந்தையோடு ஒரு நிமிடம்கூடத் தனியே விடுவதும் கூடாது. இன்னொருவரிடம் ஒப்படைக்க நேர்ந்தால், யாரை, எப்போது, எந்தச் சூழலில் கடித்தது, தடுப்பூசி எப்போது போடப்பட்டது என்பதையெல்லாம் எழுதியே கொடுங்கள். அதைப் படித்த பிறகு அவர் வேண்டாம் என்று சொன்னால், அந்த விலங்கின் பொறுப்பு உங்களிடமே இருக்கிறது.