பட்டியல் முதலில், பங்கு அப்புறம்: பெற்றோர் மறைந்த வீட்டில் உடன்பிறந்தோர் செய்ய வேண்டியவை

அல்சூரிலோ ஸ்ரீராம்புரத்திலோ ஒரு வீடு, ஊர்ப்பக்கம் தர்மபுரியிலோ திருவண்ணாமலையிலோ கொஞ்சம் நிலம், பேங்க் லாக்கரில் அம்மாவின் நகை. பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் சொத்து இந்த மூன்றுதான். சண்டை பெரும்பாலும் வீட்டிலோ நிலத்திலோ தொடங்குவதில்லை. காரியம் முடிவதற்குள் பீரோவைத் திறந்தது யார், ரெட்டைவடச் சங்கிலி எங்கே போச்சு என்பதில் தொடங்குகிறது. அந்தச் சந்தேகம் தீராதவரை வீட்டைப் பற்றிய எந்தப் பேச்சும் உருப்படாது. அதனால் என்ன இருக்கிறது என்று எழுதி முடிப்பது முதல் வேலை. யாருக்கு எவ்வளவு என்பதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே உட்காரலில் பேசவே கூடாது.

பதினாறாம் நாள் வரைக்கும்

வெளியூரிலிருந்து வந்தவர்கள் காரியம் முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் நாட்கள் அவைதான். முதல் வேலையாக பீரோ சாவியையும் லாக்கர் சாவியையும் பங்கு இல்லாத ஒருவரிடம் கொடுங்கள். தாய்மாமனோ அத்தையோ, எல்லாரும் மதிக்கும் ஒருவர் போதும். பீரோ கதவின் இடுக்கில் காகிதம் ஒட்டி, அதன்மேல் எல்லாரும் கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதுங்கள். துக்க வீட்டில் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். குடும்ப வாட்ஸ்அப்பில் இப்படி எழுதினால் யார் மனமும் புண்படாது: "அண்ணா, அக்கா, அம்மா பீரோவை ஞாயித்துக்கெழமை நாம எல்லாரும் இருக்கும்போது திறக்கலாம். அதுவரைக்கும் சாவி மாமாகிட்ட இருக்கட்டும். நானும் தொட மாட்டேன்." கடைசி வாக்கியம் கட்டாயம் வேண்டும். சொல்பவர் தன்னையும் கட்டுப்படுத்திக்கொண்டால்தான் மற்றவர்கள் ஏற்பார்கள்.

இறந்தவரின் ஏடிஎம் கார்டிலோ யுபிஐயிலோ பணம் எடுக்காதீர்கள். ஆஸ்பத்திரி பில்லுக்காக எடுத்திருந்தாலும், இறந்த தேதிக்குப் பிறகு எடுத்தது ஸ்டேட்மென்ட்டில் அப்படியே நிற்கும். அதற்கு விளக்கம் சொல்லியே வருடங்கள் போய்விடும். செலவை ஒருவர் கைப்பணத்தில் செய்து, பில்லோடு நோட்டில் எழுதி, பிறகு பொதுப் பணத்திலிருந்து எடுத்துக்கொள்வதே முறை. சிம் கார்டையும் நிறுத்தாதீர்கள். நகைக்கடன் வட்டி, காப்பீட்டு பிரீமியம், லாக்கர் வாடகை என எல்லாத் தகவலும் அந்த எண்ணுக்குத்தான் வரும்.

பட்டியல் எழுதும் விதம்

முதல் வரி இதுவாக இருக்கட்டும்: "இது இருப்புப் பட்டியல் மட்டுமே, பங்கீடு அல்ல." இது இல்லாவிட்டால், "அன்னைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டியே" என்ற பேச்சு பின்னால் வரும். அப்புறம் நான்கு பத்திகள்: பொருள், அடையாளம், எடை, இப்போது யாரிடம். "வளையல் 4" என்று எழுதுவது வீண். "முறுக்கு வளையல், ஒரு ஜோடி, ஒன்றில் திருகு உடைந்தது, 31.450 கிராம்" என்று எழுத வேண்டும். திறந்ததிலிருந்து மூடும் வரை நிறுத்தாமல் ஒரே வீடியோ எடுங்கள். துண்டு துண்டாக எடுத்தால் இடைவெளியில் நடந்தது என்ன என்ற கேள்வி மிஞ்சும். வர முடியாதவர் வீடியோ காலில் இருக்கட்டும். ஒவ்வொரு பக்கத்திலும் எல்லாரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

எடையை வீட்டுத் தராசில் போடாமல் நகைக்கடையில் போட்டுச் சீட்டு வாங்குங்கள். கல் எடையைத் தனியாகக் கழிக்கச் சொல்லுங்கள். பழைய நகை எல்லாம் 916 (22 காரட்) கிடையாது. தரம் பார்க்காமல் எடையை மட்டும் வைத்துப் பிரித்தால், பழைய அட்டிகை வாங்கியவருக்கு நஷ்டம் வரும். மதிப்புப் போடும்போது நிகரத் தங்கத்தை அன்றைய விலையால் பெருக்குங்கள். செய்கூலியும் சேதாரமும் கணக்கில் வராது.

விலை இல்லாத பொருட்களில்தான் மனம் அதிகம் உடைகிறது. அப்பாவின் கைக்கடிகாரம், பூஜை அறைக் குத்துவிளக்கு, கல்யாண ஆல்பம் போன்றவற்றை நகைக் கணக்கோடு கலக்காதீர்கள். மூத்தவரிலிருந்து இளையவர் வரை ஆளுக்கொன்று எடுக்க, அடுத்த சுற்று இளையவரிலிருந்து மேலே போகட்டும். போட்டோக்களை ஸ்கேன் செய்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே அடங்கும்.

ஒரு பொருள் காணவில்லை என்றால்

கேள்வியை "யார் எடுத்தது" என்று கேட்காமல் "கடைசியாக எப்போது, எங்கே பார்த்தோம்" என்று கேளுங்கள். விசேஷங்களில் எடுத்த படங்களைத் தேதி வாரியாகப் பார்த்தால், அம்மா கழுத்தில் அந்தச் சங்கிலி கடைசியாக இருந்த நாள் கிடைத்துவிடும்.

பிறகு அடகைப் பாருங்கள். நகைக்கடன் இருந்தால் வங்கி எஸ்எம்எஸ்ஸிலும் பாஸ்புக்கிலும் தடயம் இருக்கும். அடகுக்கடைச் சீட்டு பர்ஸின் உள்ளறையிலோ பஞ்சாங்கத்துக்குள்ளோ பூஜை அலமாரியிலோ மடித்து வைத்திருப்பார்கள். பேரன் படிப்புக்காக, மகனுக்கே தெரியாமல் அடகு வைத்த தாய்மார் எத்தனையோ பேர். அரிசி டப்பா, பட்டுப்புடவை மடிப்பு, தலையணை உறை என வீட்டுக்குள்ளும் ஒருமுறை முழுதாகத் தேடுங்கள், எல்லாரும் சேர்ந்து.

அடுத்து ஆஸ்பத்திரி. ஐசியூவுக்கோ அறுவைக்கோ கொண்டுபோகும்போது நகையைக் கழற்றி உடன் இருப்பவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது வழக்கம். அந்தப் பதிவின் நகலை எழுத்தில் கேளுங்கள். கொடுத்தவர், வாங்கியவர் இருவரின் பெயரும் அதில் இருக்கும்.

லாக்கரில்தான் அவசரம் உண்டு. ரிசர்வ் வங்கி விதிப்படி லாக்கர் அறைக்குள் போவோர் வருவோரின் சிசிடிவி பதிவை வங்கி குறைந்தது 180 நாள் வைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அழிந்துபோகலாம். லாக்கர் எப்போது திறக்கப்பட்டது என்ற பதிவேடும் உண்டு. வங்கி வாரிசுகளிடம் எடுத்தவுடன் காட்டாது. ஆனால் "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை உள்ள பதிவுகளை அழிக்காமல் வைக்கவும்" என்று இறப்புச் சான்று நகலோடு கிளை மேலாளருக்குக் கடிதம் கொடுத்து, முத்திரையோடு ஒப்புகை வாங்கிவிட்டால், பின்னால் கோர்ட் மூலம் வரவழைக்கலாம். சந்தேகம் இருந்தால் இந்தக் கடிதத்தை முதல் மாதத்திலேயே கொடுங்கள். லாக்கரைத் திறக்கும்போது சாட்சிகள் முன்னால் பொருள் பட்டியல் எழுதும் நடைமுறை வங்கியிலேயே இருக்கிறது. பெயர் சேர்ந்திருப்பவருக்குத் தனியாகத் திறக்க உரிமை இருந்தாலும், எல்லாரையும் கூட்டிப் போய்த் திறப்பதே அவருக்கும் நல்லது.

"அம்மா உயிரோடு இருந்தப்பவே எனக்குக் கொடுத்துட்டாங்க" என்று ஒருவர் சொன்னால் அதைப் பொய் என்று உடனே தள்ளாதீர்கள். நகை போன்ற அசையும் பொருளை மனம் ஒப்பிக் கையில் கொடுத்தாலே தானம் செல்லும், பத்திரம் தேவையில்லை. அதற்குப் பிறகு அவர் அதை அணிந்திருக்கும் படம், பார்த்த உறவினர், பேசிய மெசேஜ் ஆகியவைதான் ஆதாரம். வேலைக்காரம்மா மேல் பழி போடுவதற்கு முன் மேலே சொன்ன எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். இருபது வருடம் அந்த வீட்டில் பாத்திரம் தேய்த்தவருக்கு அதைவிடப் பெரிய அநியாயம் வேறில்லை.

உண்மையிலேயே ஒருவர் எடுத்து வைத்துக்கொண்டு மறுத்தால், இறந்தவரின் பொருளை நேர்மையற்று அபகரிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 315-ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். ஆனால் உடன்பிறந்தோர் விஷயத்தில் போலீஸ் பெரும்பாலும் "இது சிவில்" என்று திருப்பி அனுப்பும். அசையும் பொருளை மீட்கும் வழக்குக்குப் பொதுவாக மூன்று ஆண்டுதான் கெடு. வீட்டுப் பங்குக்குக் கெடு அதைவிட நீளம் என்பதால், நகையையும் அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

கண்ணில் படாத சொத்து

இரண்டு மூன்று வருட ஸ்டேட்மென்ட்டை வரி வரியாகப் படியுங்கள். வருடத்துக்கு ஒருமுறை போகும் தொகை பாலிசியாகவோ லாக்கர் வாடகையாகவோ இருக்கும். வாரிசுகளில் ஒருவர் வருமான வரித் தளத்தில் சட்டப்படியான வாரிசாகப் பதிவு செய்தால், இறந்தவரின் வருடாந்திரத் தகவல் அறிக்கை தெரியும். வட்டியும் டிவிடெண்டும் எங்கிருந்து வந்தன என்று அதில் இருக்கும். கைவிடப்பட்ட டெபாசிட்டுகளுக்கு ரிசர்வ் வங்கியின் உத்கம் தளம் உண்டு.

நாமினி என்றால் முழுவதும் அவருக்கே என்று நினைப்பது தவறு. வங்கிப் பணத்திலும் கம்பெனிப் பங்குகளிலும் நாமினி வாங்கி வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டியவர். கம்பெனிப் பங்குகளைப் பற்றி 2023 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் இதை உறுதி செய்தது.

யாருக்கு எவ்வளவு

உயில் இல்லாமல் இறந்த இந்து ஆணின் சுயசம்பாத்தியம் மனைவி, மகன்கள், மகள்கள் எல்லாருக்கும் சமம். பலர் மறப்பது இறந்தவரின் தாயை: பாட்டி உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. முன்பே இறந்துபோன அண்ணனின் பங்கு அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் போகும். தாயின் சொத்து மகன், மகள், கணவன் மூவருக்கும் சமம். பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை என்றும், அதற்கான சட்டத் திருத்தம் வந்த 2005-இல் அப்பா உயிரோடு இருந்தாரா என்பது பொருட்டில்லை என்றும் 2020 ஆகஸ்ட் 11-இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. "கல்யாணத்துக்குச் செஞ்சாச்சு" என்பது சட்டத்தில் நிற்காது. கிறிஸ்தவக் குடும்பத்தில் விதவைக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. முஸ்லிம் குடும்பங்களுக்குத் தனிக் கணக்கு.

உயில் பதிவானதாக இருந்தால், எழுதியவர் இறந்த பிறகு யார் வேண்டுமானாலும் சப்-ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம். ஒருவர் உயிலை ஒளித்துவைத்தால் இதுதான் வழி.

பெங்களூரில் காகிதம் சிக்கும் இடங்கள்

நாட கச்சேரி என்ற வருவாய்த் துறை அலுவலகத்தில் வாங்கும் வம்ச விருட்சத்தில் (குடும்ப உறுப்பினர் பட்டியல்) அக்கா தங்கை பெயர் விட்டுப்போவது அடிக்கடி நடக்கிறது. தெரியாமலும் நடக்கும், தெரிந்தும் நடக்கும். விண்ணப்பம் போகும்போதே நகல் கேளுங்கள். விட்டுப்போயிருந்தால் பிறப்புச் சான்று, பள்ளிச் சான்றோடு தாசில்தாருக்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். கத்தா ஒருவர் பெயருக்கு மாறிவிட்டால் வீடு போய்விட்டதாக அழ வேண்டாம். கத்தா வரிக்கான பதிவுதான், உரிமைப் பத்திரம் ஆகாது. ஆனாலும் அதைக் காட்டி விற்க முயல்வார்கள் என்பதால் வருவாய் அலுவலகத்தில் ஆட்சேபம் பதியுங்கள். கர்நாடகப் பதிவுத் துறையின் காவேரி தளத்தில் வில்லங்கச் சான்றை அவ்வப்போது எடுத்துப் பாருங்கள்.

"கத்தா மாத்தத்தான், ஒரு கையெழுத்துப் போடு" என்று கன்னடத்தில் எழுதிய காகிதம் வந்தால் உங்களுக்கு வேண்டிய ஒருவரை விட்டு முழுதும் படிக்கச் சொல்லுங்கள். சம்மதக் கடிதம் வேறு, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் வேறு. சப்-ரிஜிஸ்ட்ரார் முன்னால் கைநாட்டும் போட்டோவும் எடுத்தால் உங்கள் பங்கு அன்றோடு போனது. அதை ரத்து செய்வது மிகக் கடினம்.

பேச்சு முறிந்தால்

பங்கு கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பும் முன், எச்.சித்தையா ரோட்டில் நியாய தேகுல கட்டடத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணையத்தை அணுகினால், வழக்குக்கு முன்பே சமரசத்துக்கு வழி உண்டு. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. இதைக் கேட்க எந்தத் தங்கையும் தயங்க வேண்டாம்.

வழக்கு என்றால் சிட்டி சிவில் கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்கு. ஊர் நிலத்தையும் அதிலேயே சேருங்கள். இரண்டு மாநிலத்தில் இருந்தாலும் ஒரு கோர்ட்டில் போடலாம், ஒன்றை விட்டால் அரைகுறைப் பாகம் என்று எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும். விற்பனைக்கு இடைக்காலத் தடை கேளுங்கள். வீடு உங்கள் கையிலும் சேர்ந்து இருந்தால் (கூட்டு அனுபவம்) கோர்ட் கட்டணம் குறைவு, வெளியேற்றப்பட்டவர் பங்கின் சந்தை மதிப்புக்குக் கட்ட வேண்டும். அதனால் கோபத்தில் சாவியைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். முப்பதுக்கு நாற்பது மனையை நான்காக வெட்ட முடியாது. ஒருவர் மற்றவர் பங்கை வாங்குவார், அல்லது விற்றுப் பணமாகப் பிரிப்பார்கள்.

சமரசம் ஆகிவிட்டால் வாய்ப்பேச்சோடு விடாமல் பாகப்பிரிவினைப் பத்திரமாகப் பதியுங்கள். குடும்பத்துக்குள் முத்திரைக் கட்டணம் பங்குக்கு இவ்வளவு என்ற நிலையான தொகைதான். நகையில் யார் எதை வாங்கினார் என்பதையும் பழைய பட்டியலின் வரிசை எண்ணோடு இணைப்பாகச் சேருங்கள். தாய்ப் பத்திரம் யாரிடம் இருக்கும், மற்றவர் கேட்டால் எத்தனை நாளில் காட்ட வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். பதிவான பிறகு ஒவ்வொருவரும் தன் பங்குக்கு இ-கத்தாவும், ஊர் நிலத்துக்குப் பட்டா மாற்றமும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும்.