நிறுவிய லினக்ஸ் மறுநாள் காணாமல் போன கதை

கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை ஓட்டும் மென்பொருளான க்யூஎமுவில், யூஇஎஃப்ஐ (கணினியைத் தொடக்கிவைக்கும் ஃபர்ம்வேர்) முறையில் டெபியன் லினக்ஸை நிறுவினேன். எல்லாம் ஒழுங்காகவே முடிந்தது. மறுநாள் இயக்கினால் விஎன்சி (தொலைவிலிருந்து திரையைப் பார்க்கும் வழி) திரையில் கறுப்புப் பின்னணியில் 'ஷெல்>' என்ற யூஇஎஃப்ஐ கட்டளை வரி மட்டும் கண்சிமிட்டுகிறது. வட்டு கெட்டுவிட்டதோ என்று பயந்து அதில் உள்ள கோப்புகளைப் பார்க்க 'எஃப்எஸ்0:' என்று தட்டினேன். உள்ளே, லினக்ஸைத் தொடக்கிவைக்கும் கிரப் நிரலின் கோப்பு பத்திரமாக இருந்தது. அதைக் கையால் ஓடவிட்டதும் டெபியன் எழுந்துவிட்டது. சரி, வட்டில் கோளாறு இல்லை.

தப்பு என்னுடையதுதான். க்யூஎமுவுக்கான யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேரான ஓவிஎம்எஃப் கோப்பை 'பயோஸ்' விருப்பத்தில் கொடுத்திருந்தேன். அப்படிச் செய்தால் எதிலிருந்து தொடங்க வேண்டும் என்ற பூட் பதிவைச் சேமிக்க நிலையான இடம் கிடையாது, அணைத்ததும் மறந்துவிடும். ஓவிஎம்எஃபின் நிரல் உள்ள 'கோட்' கோப்பைப் படிக்க மட்டும் என்றும், பூட் பதிவு சேமிக்கப்படும் 'வார்ஸ்' கோப்பின் தனி நகலை எழுதக்கூடியதாகவும், இரண்டையும் பிஃப்ளாஷாக (மெய்நிகர் ஃபிளாஷ் நினைவகமாக) இணைத்தேன். நகல் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனித்தனியாக வேண்டும். பிறகு ஷெல் வழியே மறுபடி உள்ளே போய் கிரப்பை ஒருமுறை நிறுவினேன். அதற்குப் பிறகு ஷெல் தலைகாட்டவில்லை.

விஎன்சியை, அதே கணினிக்குள் மட்டும் எட்டும் 127.0.0.1 முகவரியில், திரை எண் 1-இல் வைத்தேன்; அதாவது 5901 போர்ட். வெளியிலிருந்து எஸ்எஸ்எச் சுரங்கம் (மறையாக்கப்பட்ட இணைப்பு) வழியாகத்தான் வருகிறேன். அப்புறம் மவுஸ் அம்பு ஒரு பக்கம், கை ஒரு பக்கம் என்று அலைந்தது. அம்பு இருக்க வேண்டிய இடத்தை நேரடியாகச் சொல்லும் மெய்நிகர் யூஎஸ்பி டேப்லெட் சாதனத்தைச் சேர்த்ததும் அடங்கியது.