ஐசிடபிள்யூ-ல முதல் தடவை செயில்போட் ஓட்டுறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவுல வெர்ஜீனியா நார்ஃபோக்ல ஆரம்பிச்சு ஃப்ளோரிடா மயாமி வரைக்கும் ஏறக்குறைய 1,090 மைல், ஆறு, கால்வாய், காயல்னு மாறி மாறி கரையை ஒட்டி உள்பக்கமாவே போற வழிதான் இன்ட்ராகோஸ்டல் வாட்டர்வே, சுருக்கமா ஐசிடபிள்யூ. நம்ம பக்கிங்காம் கால்வாய் இன்னும் நீளமா, ஆழமா இருந்தா எப்படி இருக்கும்னு நினைச்சுக்கோங்க. புயல் சீசனுக்காக நவம்பர் 1-க்கு முன்னாடி தெற்கே வரக்கூடாதுன்னு நிறைய இன்ஷூரன்ஸ் பாலிசிகள்ல இருக்கும், அதனால அக்டோபர் கடைசியில எல்லாரும் கூட்டமா கிளம்புவாங்க, ஒவ்வொரு வருஷமும் புதுசா வர்றவங்க நாங்க அந்தக் காலத்துல பண்ண அதே தப்புகளையே பண்றாங்க. லைஃப் ஜாக்கெட் போடுங்க, டீசல் பாத்துக்கோங்க மாதிரி விஷயமெல்லாம் இங்க எழுதல.

சார்ட்ல இருக்குற மெஜந்தா கோட்டை நம்பி, தண்ணி வத்துற நேரத்துல ஜார்ஜியாவுக்குள்ள போறது

இதைப் பாக்கும்போது எனக்கு இன்னமும் கோவம் வருது.

சார்ட்ல, அதாவது படகுக்காரங்க பாக்குற கடல் வரைபடத்துல, ஐசிடபிள்யூ நெடுக ஒரு மெஜந்தா கோடு ஓடும். அது வழி எந்தப் பக்கம் போகுதுன்னு காட்டுற கோடு, அவ்வளவுதான், அடியில ஆழம் இருக்குன்னு அர்த்தம் இல்ல. பல இடத்துல மணல் நகர்ந்து போயும் கோடு பழைய இடத்துலயே கிடந்துச்சு, அதனால 2013-ல சார்ட் போடுற அமெரிக்க அரசு அமைப்பான நோவா இதை சார்ட்லேர்ந்து எடுத்துடலாம்னே முடிவு பண்ணாங்க, படகுக்காரங்க வேணும்னு கேட்டதால 2014-ல திருத்தி வெச்சுக்கறோம்னு சொன்னாங்க. அந்தக் கோட்டு மேல ஆட்டோபைலட்டைப் போட்டுட்டு காபி கலக்கப் போறவங்களை என்ன சொல்றது?

போன சீசன்ல ஜார்ஜியாவுல எங்க பக்கத்துல ஒரு புது ஜோடி ஆங்கர் (நங்கூரம்) போட்டிருந்தாங்க, அவங்க படகோட கீல், அதாவது அடியில நீட்டிட்டிருக்கிற பாகம், தண்ணிக்குள்ள 6 அடி போகும். மறுநாள் லிட்டில் மட் ரிவர் தாண்டணும். சேறு சேர்ந்து ஆழம் குறைஞ்சு போனதுக்கே பேர் போன இடம் அது. ஹை டைட், அதாவது கடல் தண்ணி உச்சத்துக்கு ஏறி நிக்கிறது, காலையில ஒன்பது மணி வாக்குல. "தண்ணி வத்தி திரும்ப பாதி ஏறட்டும், சாயங்காலம் போலாம்"னு சொன்னோம். மெரினாவுல (படகு நிறுத்துற துறை) புக் பண்ணியாச்சு, முன்னாடி ஒரு கேட்டமரான் (ரெண்டு உடல் இருக்குற படகு) போகுது அதைப் புடிச்சுட்டே போயிடுவோம்னு பத்தரை மணிக்கு உள்ள போயிட்டாங்க. கேட்டமரானுக்கு மூணரை, நாலு அடி தண்ணி போதும், அது போன தடத்துல 6 அடி கீல் எப்படிப் போகும்? தரைதட்டிடுச்சு. ஜார்ஜியாவுல டைட் 7-லேர்ந்து 9 அடி வரைக்கும் ஏறி இறங்கும், மதியத்துக்குள்ள படகு ஒருபக்கமா சாஞ்சு, உள்ள நிக்க முடியல, அடுப்பு பத்தவைக்க முடியல, திரும்ப மிதக்க ராத்திரி எட்டு மணி ஆச்சு, அதுவும் இருட்டுல குறுகலான வழியில.

அதே இடத்துல தண்ணி பாதி ஏறினப்புறம் உள்ள போயி முட்டியிருந்தா சீக்கிரமே தண்ணியே தூக்கி விட்டிருக்கும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி வர்ற பெரிய டைட்ல, ஹை டைட் உச்சத்துல போய் முட்டினா இன்னும் மோசம், அடுத்தடுத்து வர்ற ஹை டைட் அவ்வளவு உயரம் ஏறாம போகலாம், நாள் கணக்குல கிடக்கணும்.

ஆர்மி கோர் ஆஃப் இன்ஜினியர்ஸ் (அமெரிக்க ராணுவத்தோட பொறியியல் பிரிவு) ஆழம் அளந்த சர்வேயை இலவசமாவே போடுறாங்க, அதைப் பாருங்க. அதைவிட முக்கியம், எதிர்ல வந்தவங்க கிட்ட முந்தின நாள் சாயங்காலமே போய் கேளுங்க. நேத்து அந்த இடத்துல எத்தனை அடி இருந்துச்சு, எந்தக் கரையை ஒட்டி வந்தீங்க, உங்க கீல் எவ்வளவு, டைட் என்ன நிலையில இருந்துச்சு, இந்த நாலையும் சேர்த்துக் கேக்கணும். கூச்சப்பட்டுட்டு கேக்காம விடுறவங்கதான் அதிகம்.

இழுக்க வர்றவங்க கிட்ட கேக்காம கயிறு வாங்குறது

தரைதட்டினப்ப இழுத்துவிட ஒருத்தர் வந்து கயிறு நீட்டினா, "இது டோவா (வெறுமனே இழுக்குறது), சால்வேஜா (ஆபத்துலேர்ந்து படகை மீட்குறது)?"னு கேட்டுட்டு அப்புறம் வாங்குங்க. சால்வேஜுன்னா படகோட மதிப்புல ஒரு பங்கு கேப்பாங்க.

பாலம்

நிரந்தரப் பாலங்களுக்குக் கீழ பொதுவா 65 அடி இடம், மயாமியில ஜூலியா டட்டில் பாலம் 56 அடிதான். மாஸ்ட் (பாய்மரம்) உயரத்தை ப்ரோஷர்ல பாத்து எழுதி வெச்சுட்டு மேல இருக்குற ஆன்டெனாவை மறந்துடுறாங்க. நார்த் கரோலினா சவுண்ட்கள்ல (பெரிய காயல்கள்) தண்ணியை ஏத்தி இறக்குறது முக்கியமா காத்துதான், அங்க டைட் அட்டவணையைப் பாத்து கணக்குப் போட்டு பிரயோஜனம் இல்ல, பாலத்துத் தூண்ல இருக்குற அளவு போர்டைப் படிங்க. திறக்குற பாலத்தைக் கூப்பிட வெர்ஜீனியா, நார்த் கரோலினாவுல படகு ரேடியோவுல சேனல் 13, அதுக்குத் தெற்கே 9.

மைல்

ஐசிடபிள்யூ மைல் தரை மைல். உங்க ப்ளாட்டர் (ஜிபிஎஸ் மேப் திரை) காட்டுறது நாட்டிக்கல், அதாவது கடல் மைல், ரெண்டும் ஒண்ணு இல்ல.

ஆங்கர் செயினைக் குறைச்சு விடுறது

வந்து சேர்ந்தப்ப ஆழம் 10 அடி காட்டுச்சுன்னு அதுக்கு ஏழு மடங்கு செயின், 70 அடி விட்டுட்டு தூங்கிடுறாங்க. லோ டைட்ல வந்திருந்தா இன்னும் 8 அடி ஏறும், தண்ணிக்கு மேல படகு முனை ஒரு 4 அடி, ஆக 22 அடி, ஏழு மடங்குன்னா 154 அடி. ராத்திரி நழுவி அடுத்தவங்க படகு மேல போய் இடிக்கிறது இப்படித்தான். சுத்தி இருக்கிறவங்க எவ்வளவு விட்டிருக்காங்கன்னு கேட்டுட்டு விடுங்க, முதல்ல போட்டவங்களுக்குத்தான் அங்க உரிமை.

பின்னாடி பவர்போட் வரும்போது வேகம் குறைக்காதது

நீங்க குறைச்சாத்தான் அவங்களும் அலை அடிக்காம மெதுவா தாண்ட முடியும். சேனல் 16-ல ஒரு வார்த்தை பேசுங்க.

யாரையும் பாக்காம ஓடிட்டே இருக்கிறது

நார்த் கரோலினாவுல எலிசபெத் சிட்டின்னு ஒரு ஊர். 1983-லேர்ந்து அந்த ஊர்க்காரங்க, ரோஸ் படீஸ்னு பேரு, கரையில கட்டுற படகுக்காரங்களுக்கு ரோஜா குடுத்து, ஒயினும் சீஸும் வெச்சு வரவேத்த பழக்கம் அங்க உண்டு. அதுக்கு மேல டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாய், 1805-ல திறந்தது, அங்க வெல்கம் சென்டர் டாக் சின்னது, அதனால படகுக்குப் பக்கத்துல படகைக் கட்டிக்குவாங்க. புதுசா வர்றவங்க வெளிப்பக்கம் டிங்கியை (கூட வர்ற குட்டிப் படகு) கட்டி இடத்தை அடைச்சுடுறாங்க. அப்படிப் பண்ணாதீங்க. ஃபெண்டரை (படகு உரசாம இருக்கப் போடுற மெத்தை) தொங்கவிட்டுட்டு வர்றவங்களைக் கூப்பிட்டு கயிறு வாங்கிக் கட்டுங்க. அடுத்தவங்க படகு மேல ஏறித்தான் கரைக்குப் போக வேண்டி வந்தா முதல்ல கேளுங்க, அப்புறம் முன்பக்கமா நடந்து போங்க, நடுவுல அவங்க உக்காந்திருக்கிற இடம் வழியா போகாதீங்க. பேரும் படகு பேரும் போட்ட சின்ன கார்டு கொஞ்சம் அடிச்சு வெச்சுக்கோங்க, இங்க மனுஷங்க பேரைவிட படகு பேர்தான் ஞாபகம் இருக்கும், அதே படகுகளைத்தான் ஃப்ளோரிடா வரைக்கும் திரும்பத் திரும்பப் பாக்கப் போறீங்க.