டெட் ரிலீஃப் ரீஃபண்ட்: எங்கெல்லாம் கோட்டை விடுகிறோம்

கிரெடிட் கார்டு கடன் தலைக்கு மேல் போய், ஒரு போன் அழைப்பை நம்பி கடன் கொடுத்தவர்களிடம் பேசிக் கடனைக் குறைத்துத் தருவதாகச் சொல்லும் டெட் ரிலீஃப் கம்பெனியில் சேர்ந்து, கடனும் தீராமல் கட்டணமும் அழுதவர்கள் அமெரிக்காவில் நம் ஆட்களிலும் உண்டு. வெளியே சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். நியூ ஜெர்சியில் வரி சீசனில் இலவசமாகப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் மேசையில் உட்கார்ந்தால் விஷயம் தானாக வரும். வரிக் காகிதங்களையெல்லாம் காட்டி முடித்த பிறகு, பையின் அடியிலிருந்து அந்தக் கட்டணத்தின் ரீஃபண்ட் பற்றிய ஒரு கடிதத்தை எடுத்து, "இது என்னன்னு ஒரு பார்வை பாருங்களேன்" என்பார்கள். நாங்களெல்லாம் ஆரம்பத்தில் சொதப்பிய அதே இடங்களில்தான் இப்போது வருகிறவர்களும் சொதப்புகிறார்கள். பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய் எழுதுகிறேன். கையெழுத்து போட மறப்பது, கடைசித் தேதியைத் தவற விடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை உங்களுக்கே தெரியும்.

முதலில் இந்தப் பணம் ஏன் திரும்ப வருகிறது என்று பார்த்துவிடலாம். போனில் விற்கப்படும் கடன் நிவாரணச் சேவைகளுக்கு 2010 அக்டோபர் 27 முதல் ஒரு விதி இருக்கிறது. உங்கள் கடன்களில் ஒன்றையாவது பேசி முடித்து, நீங்களும் அதற்குச் சம்மதித்து, அந்த ஒப்பந்தப்படி கடன் கொடுத்தவருக்கு ஒரு தவணையாவது போன பிறகுதான் கம்பெனி அந்தக் கடனுக்கான கட்டணத்தைத் தொட முடியும். அதற்கு முன்னால் வாங்கினால் சட்டவிரோதம். இப்படி வாங்கியவர்கள் மீது ஃபெடரல் ட்ரேட் கமிஷன், அதாவது எஃப்டிசி, வழக்குப் போடும். நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பான சிஎஃப்பிபியும் மாநில அரசுகளின் தலைமை வக்கீல்களான அட்டர்னி ஜெனரல்களும் போடுவதுண்டு. வழக்கு சமரசத்தில் முடிந்தால் ஒரு தொகை பாதிக்கப்பட்டவர்களுக்குத் திரும்பும். எல்லா வழக்கும் முன்கட்டணத்தைப் பற்றியது அல்ல. 2019-இல் ஃப்ரீடம் டெட் ரிலீஃப் 2 கோடி டாலர் திருப்பித் தரவும் 50 லட்சம் டாலர் அபராதம் கட்டவும் ஒப்புக்கொண்டது. வாடிக்கையாளரையே கடன் கொடுத்தவரோடு பேச வைத்துவிட்டுக் கட்டணம் வாங்கியது என்பது அதன் மீது சிஎஃப்பிபி சொன்ன குற்றச்சாட்டுகளில் ஒன்று.

கடிதத்தை ஜங்க் மெயில் என்று கிழித்துப் போடுவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது. மற்ற தவறுகளில் கொஞ்சம் பணம் போகும், கொஞ்சம் தாமதமாகும். இதில் மொத்தமும் குப்பைத் தொட்டிக்குப் போய்விடும்.

செக் எப்படி வரும் தெரியுமா? நீங்கள் அந்தக் கம்பெனியை மறந்து சில வருடங்கள் ஆன பிறகு, கேள்விப்படாத ஊரின் தபால் பெட்டி முகவரியிலிருந்து, ஒரு சாதாரணக் கவரில். பணத்தைப் பட்டுவாடா செய்யும் வேலையை ரஸ்ட் கன்சல்டிங், எபிக், ஜேஎன்டி போன்ற தனியார் நிர்வாகிகளிடம் கொடுத்திருப்பார்கள். கவரில் அவர்கள் பெயர்தான் இருக்கலாம். உள்ளே வழக்கின் பெயர் இருக்கும், ஆனால் அது விளம்பரத்தில் நீங்கள் கேட்ட பெயராக இருக்க வேண்டியதில்லை. ஒரே முதலாளி பல பெயர்களில் கடை விரித்திருப்பார், வழக்கு தாய்க் கம்பெனியின் பெயரில் நடந்திருக்கும். தாளின் அடியில் ஒரு செக், 214 டாலர் 37 சென்ட் என்பது போல வாயில் நுழையாத ஒரு தொகைக்கு. கேட்காமல் வந்த பணம், தெரியாத ஆள், வேறு மாநில வங்கி. போலி செக்குக்கு என்னென்ன அடையாளம் என்று வாட்ஸ்அப்பில் படித்திருக்கிறோமோ அத்தனையும் இதில் இருக்கும்.

எடிசன் பக்கம் ஒரு பெரியவர். கட்டணமாக மட்டும் 4,000 டாலருக்கு மேல் கட்டியவர். "தம்பி, இந்த ஊர்ல கவர்ன்மென்ட் சும்மா செக் அனுப்புமா? ஸ்கேம்னு தெரிஞ்சு அப்பவே கிழிச்சுட்டேன்" என்றார், ஏதோ சாமர்த்தியம் செய்ததைப் போல. அவர் மனைவிதான் கடிதத்தின் மேல்பாதியை எடுத்து வைத்திருந்தார். பார்த்தால் அசல். அதிலிருந்த நிர்வாகியின் பெயரை எஃப்டிசி தளத்தில் சரிபார்த்து, அங்கிருந்த எண்ணுக்கு அழைத்தோம். காலக்கெடு முடிந்து மாதக்கணக்காகிவிட்டது, மீதிப் பணத்தைச் செக் மாற்றியவர்களுக்கே இரண்டாம் சுற்றாகப் பிரித்துக் கொடுத்து வழக்குக் கணக்கையும் மூடிவிட்டார்கள் என்றார் எதிர்முனைப் பெண். அது போதாதென்று இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. அதே வருடம் யாரோ ஒருவன் போன் செய்து, "உங்கள் ரீஃபண்ட் ரெடி, ப்ராசஸிங் கட்டணம் மட்டும் கிஃப்ட் கார்டாக வாங்கிக் கொடுங்கள்" என்று கேட்டிருக்கிறான். அவனுக்கு 400 டாலர் கொடுத்திருக்கிறார்! வாசலுக்கு வந்த அசலைக் கிழித்துவிட்டு, போனில் வந்த போலியை நம்பியிருக்கிறார். சூடு கண்ட பூனை கதைதான். ஆனால் இந்தப் பூனை பயந்து ஓடியது பால் கிண்ணத்தைப் பார்த்து.

ஏன் இப்படி ஆகிறது என்றால், போலி நாம் எதிர்பார்க்கிற மாதிரியே வரும். அரசு முத்திரை, அதிகாரக் குரல், அவசரம், பெரிய தொகை. அசல் மந்தமாக வரும். யாரும் அழைக்க மாட்டார்கள், அவசரப்படுத்த மாட்டார்கள். எஃப்டிசி ரீஃபண்ட் கொடுப்பதற்காக உங்களிடம் பணமோ வங்கிக் கணக்கு விவரமோ கேட்காது. செக்கைப் போட்டுவிட்டு அதில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பு என்றால் அது போலி, அதற்கு மேல் விசாரிக்கவே வேண்டாம்.

சரிபார்க்கும் முறை எளிது. கடிதத்தில் இருக்கிற எண்ணை முதலில் அழைக்காதீர்கள். எஃப்டிசி டாட் கவ் ஸ்லாஷ் ரீஃபண்ட்ஸ் என்று நீங்களே தட்டச்சு செய்து போங்கள். அங்கே வழக்குகளின் பட்டியல் இருக்கும். உங்கள் கடிதத்தில் இருக்கிற வழக்குப் பெயரைத் தேடித் திறந்தால், நிர்வாகி யார், தொலைபேசி எண் என்ன, செக் எப்போது அனுப்பினார்கள் என்று போட்டிருக்கும். கடிதத்தோடு ஒத்துப்போனால் செக்கை வங்கியில் போடுங்கள். சிஎஃப்பிபி வழக்கு என்றால் அவர்கள் தளத்திலும் இதே போன்ற பட்டியல் உண்டு. ஒரு காபி குடிக்கிற நேரத்தில் முடிகிற வேலை இது.

எஃப்டிசி செக்குகளுக்கு வழக்கமாக 90 நாள்தான் ஆயுள். தேதி செக்கிலேயே அச்சிட்டிருக்கும். பேபால் வழியாக வந்தால் இன்னும் குறைவு, 30 நாளுக்குள் ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்த மின்னஞ்சல் ஸ்பேமில் போய் உட்கார்ந்திருக்கும், அங்கேயும் பாருங்கள். தேதி தாண்டிவிட்டால் உடனே நிர்வாகியை அழையுங்கள். வழக்குக் கணக்கு திறந்திருந்தால் புதுச் செக் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. மூடிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. யாரும் வாங்காத பணம் கடைசியில் அமெரிக்கக் கருவூலத்துக்குப் போகும்.

இன்னொரு வகை ஆட்களும் உண்டு. செக் அசல் என்று தெரியும், ஆனால் தொகையைப் பார்த்ததும் ரோஷம் வந்துவிடும். "நாலாயிரம் கொடுத்தேன், முப்பத்தெட்டு டாலர் அனுப்புறான், இவன் காசு யாருக்கு வேணும்?" கம்பெனியிடம் மிச்சமிருந்த சொத்திலிருந்துதான் பிரித்துக் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் கம்பெனிக்காரன் ஏற்கெனவே செலவழித்திருப்பான். உங்கள் ரோஷம் அவனைப் போய்ச் சேராது. செக்கைப் போடுங்கள். இரண்டாம் சுற்று வந்தால் முதல் செக்கை மாற்றியவர்களுக்குத்தான் வரும்.

"ரீஃபண்ட் வாங்கித் தருகிறோம்" என்பவருக்குப் பணம் கொடுப்பது

கொடுக்காதீர்கள்.

விண்ணப்பம் எங்கே என்று தேடி அலைவது

பல வழக்குகளில் விண்ணப்பமே கிடையாது. கம்பெனியின் கணக்குப் புத்தகத்தை வைத்து அவர்களே அனுப்பிவிடுவார்கள். 2024 டிசம்பரில் லெக்சிங்டன் லா, கிரெடிட் ரிப்பேர் டாட் காம் ஆகியவற்றின் வாடிக்கையாளர்கள் 43 லட்சம் பேருக்கு 180 கோடி டாலர் தருவதாக சிஎஃப்பிபி அறிவித்தது. அது கிரெடிட் ரிப்பேர் (கிரெடிட் ரிப்போர்ட்டைச் சரிசெய்து தருவதாகச் சொல்லும் சேவை) வழக்கு, ஆனால் அங்கேயும் பிரச்சினை முன்கூட்டி வாங்கிய கட்டணம்தான். கம்பெனிகள் திவால் மனு கொடுத்திருந்தன. மற்ற வழக்குகளில் வசூலான அபராதப் பணம் சேரும் நிதியிலிருந்துதான் இந்தத் தொகை வந்தது. வாடிக்கையாளர்கள் எந்தப் படிவமும் நிரப்ப வேண்டியிருக்கவில்லை. அந்தச் சமயத்தில் "உங்கள் விண்ணப்பத்தைப் பதிவு செய்ய 50 டாலர்" என்று யாராவது கேட்டிருந்தால் அவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

பழைய முகவரியை நம்புவது

நிர்வாகியிடம் இருப்பது நீங்கள் கம்பெனியில் சேர்ந்த நாளின் முகவரி. நம் ஆட்கள் வேலை மாறினால் மாநிலமே மாறுகிறவர்கள். தபால் நிலையத்தில் கொடுத்த முகவரி மாற்றம் கடிதங்களுக்குப் பொதுவாக 12 மாதம்தான் ஓடும். செக் வருவதோ சில வருடங்கள் கழித்து. வழக்கைப் பற்றிச் செய்தி வந்த உடனேயே நிர்வாகியை அழைத்துப் புது முகவரியைக் கொடுங்கள். ஊருக்கே திரும்பிவிட்டவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். டாலர் செக்கை மதுரைக் கிளையில் கொடுத்தால் மேனேஜர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். அமெரிக்க வங்கிக் கணக்கை மூடாமல் வைத்திருந்தால் பிழைத்தீர்கள்.

செக்கில் இருக்கிற பெயர்

உங்கள் பெயரை அந்தக் கம்பெனி போனில் காதால் கேட்டு எழுதிக்கொண்டது. அப்பா பெயர் முன்னால் போயிருக்கும், உங்கள் பெயரில் பாதி காணாமல் போயிருக்கும். ஒரு அக்காவின் செக்கில் அவர் பெயருக்குப் பதிலாக அவருடைய அப்பா பெயர் மட்டுமே முழுதாக இருந்தது. வங்கி வாங்கவில்லை. நிர்வாகியிடம் அடையாள அட்டை நகல் அனுப்பி மாற்றி வாங்க வேண்டியதாயிற்று. 90 நாள் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது இதைச் செய்வது வேதனை. கணவன் மனைவி இருவர் பெயரும் இருந்தால் நடுவில் இருக்கிற சொல்லைப் பாருங்கள். 'அண்ட்' என்றிருந்தால் இருவரும் பின்னால் கையெழுத்துப் போட வேண்டும். 'ஆர்' என்றால் ஒருவர் போதும்.

கட்டிய மொத்தத்தையும் 'கட்டணம்' என்று எழுதுவது

விண்ணப்பம் கேட்கிற வழக்கு என்றால் இங்கேதான் குழப்பம். மாதம் 450 டாலர் கொடுத்தேன், இரண்டு வருடம், ஆக 10,800 என்று எழுதிவிடுகிறார்கள். அந்தப் பணம் முழுவதும் கட்டணம் அல்ல. மாதத் தொகை உங்கள் பெயரில் இருக்கிற ஒரு தனிச் சேமிப்புக் கணக்குக்குப் போகும். அங்கிருந்து ஒரு பங்கு கடன் கொடுத்தவருக்கு, ஒரு பங்கு கம்பெனியின் கட்டணத்துக்கு, சில டாலர் கணக்குப் பராமரிப்புக்கு. உங்கள் சொந்த வங்கி ஸ்டேட்மென்ட்டில் 450 என்று ஒரே வரிதான் தெரியும். பிரிவினை தெரிய வேண்டுமென்றால் அந்தச் சேமிப்புக் கணக்கின் ஸ்டேட்மென்ட் வேண்டும், கேட்டு வாங்குங்கள். பொதுவாகக் கட்டணம், திட்டத்தில் சேர்த்த கடனில் 15 முதல் 25 சதவீதம் இருக்கும். 20,000 டாலர் கடனுக்கு 25 சதவீதம் என்றால் 5,000. உங்கள் கணக்கு இதைவிட ரொம்பத் தள்ளியிருந்தால் எதையோ கலந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

சேமிப்புக் கணக்கில் இருக்கிற பணத்தை அப்படியே விடுவது

கட்டணம் திரும்ப வருமா என்று வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள், அந்தத் தனிக் கணக்கில் மிச்சமிருக்கிற சொந்தப் பணத்தை மறந்துவிடுகிறார்கள். அது எந்தத் தீர்ப்பையும் சார்ந்தது அல்ல. நீங்கள் எப்போது வேண்டுமானாலும் திட்டத்திலிருந்து விலகலாம். அதற்கு அபராதம் போட முடியாது. கேட்டதிலிருந்து 7 வேலை நாட்களுக்குள் பணம் உங்களுக்கு வர வேண்டும் என்று ஆரம்பத்தில் சொன்ன அதே விதியில் இருக்கிறது. எழுத்தில் கேளுங்கள். கையோடு உங்கள் வங்கியில் சொல்லி மாதாமாதம் எடுப்பதையும் நிறுத்துங்கள்.

'வக்கீல் ஃபீஸ்தானே' என்று ஒதுங்கிக்கொள்வது

வக்கீல் அலுவலகம் என்ற போர்வையில் நடந்த கடைகளும் இருக்கின்றன. ஒரு நோட்டரியை வீட்டுக்கு அனுப்பி, "நேரில் பார்த்துத்தான் கையெழுத்து வாங்கினோம், போன் விற்பனை விதி எங்களுக்குப் பொருந்தாது" என்று தப்பிக்கப் பார்ப்பார்கள். 2024 ஜனவரியில் சிஎஃப்பிபியும் ஏழு மாநிலங்களும் சேர்ந்து ஸ்ட்ராட்டஜிக் ஃபைனான்ஷியல் சொல்யூஷன்ஸ் மீது போட்ட வழக்கு இந்த மாதிரிக் குற்றச்சாட்டின் மேல்தான். உங்கள் ரசீதில் 'லா குரூப்' என்று இருந்தாலும் பட்டியலில் தேடிப் பாருங்கள்.

ரீஃபண்ட் வந்ததும் கடன் தீர்ந்தது என்று நினைப்பது

தீரவில்லை. கடன் கொடுத்தவர் வழக்குப் போடலாம், கோர்ட் சம்மன் வந்தால் பதில் போடுங்கள்.

1099-சி படிவத்தை ஓரமாக வைப்பது

கடன் கொடுத்தவர் 600 டாலரோ அதற்கு மேலோ தள்ளுபடி செய்தால் இந்தப் படிவம் வரும். தள்ளுபடியான தொகை வருமானமாகக் கணக்காகும். ஆனால் தள்ளுபடி நடந்த சமயத்தில் உங்கள் சொத்தைவிடக் கடன் அதிகமாக இருந்தால், அந்த வித்தியாசம் வரைக்கும் படிவம் 982 போட்டு விலக்குக் கேட்கலாம். டெட் ரிலீஃப் வரைக்கும் போனவர்கள் நிறையப் பேர் அந்த நிலையில்தான் இருந்திருப்பார்கள், கேட்காமல் விட்டு வரி கட்டுகிறார்கள். தள்ளுபடிக்கு முந்தைய நாள் கணக்கில் என்னென்ன இருந்தது, எங்கெங்கே கடன் இருந்தது என்று ஒரு தாளில் எழுதி, வரி பார்ப்பவரிடம் 1099-சியோடு சேர்த்துக் கொடுங்கள். கார் மதிப்பையும் 401கே ஓய்வுக்காலச் சேமிப்பின் இருப்பையும் சொத்துப் பக்கத்தில் சேர்க்க மறக்க வேண்டாம்.